கழித்தலுக்கு ஓர் ஆள்

நான் முதன்முதலாக நாட்டை விட்டுக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அம்மா அழுதாள். அம்மா அழுகிறாளே என்று பெரியம்மா அழுதாள். அப்பா கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லி, தூசியே இல்லாத அந்த விமான நிலையக் கண்ணாடி மண்டபத்தில் கைக்குட்டையைத் தேடினார். சித்தியை மட்டும் காணவில்லை.

உள்ளே போகும் நேரம் வந்துவிட்டது. ஆளுக்கொரு திசையாகத் தேடியதில், பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றித் தருகிற இடத்தில் அகப்பட்டாள். தாள் தீர்ந்த பிறகு மிஞ்சும் தடித்த அட்டைக் குழாய்கள் இரண்டு சுவரோரம் கிடந்தன. சித்தி அங்கே தாள் சுற்றிக்கொண்டிருந்த இளைஞனிடம், “இதையெல்லாம் எங்க போடுவீங்க தம்பி?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் கையசைத்தார்கள். சித்தியால் முடியவில்லை. இரண்டு அக்குளிலும் இரண்டு குழாய்களை இடுக்கியபடி, கண்ணீரைத் துடைக்கவும் வழியில்லாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாள்.

சித்தி இரண்டாம் வகுப்பு டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் மூன்றுக்கும் நான்குக்கும் மாறிப் போனார்கள், ஒருத்தி அலுவலகத்துக்கே போய்விட்டாள். சித்தி மட்டும் இரண்டிலேயே இருந்தாள். இரண்டாம் வகுப்பில் ஃபெயிலாகிக்கொண்டே இருப்பவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்பார் சித்தப்பா.

அவர் அப்படிப் பேசுவதற்கு உரிமை உண்டு. கல்யாணமான புதிதில் சித்தியின் சம்பளத்தில் பெரும்பகுதி சார்ட் தாளாகவும் பசையாகவும் கலர் பென்சிலாகவும் மாறிப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதம் கேஸ் வாங்கப் பணமில்லாமல் அடுப்பு அணைந்தபோதுதான் சித்தப்பா வாய் திறந்தார்: “ஸ்கூல் உனக்குச் சம்பளம் குடுக்குதா, நீ ஸ்கூலுக்குச் சம்பளம் குடுக்குறியா?”

அந்தக் கேள்வி சித்திக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதிலிருந்து கடையில் வாங்குவதை நிறுத்தினாள். வகுப்புக்குச் செய்வதை நிறுத்தவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை மூட அவள் கண்டுபிடித்ததுதான் ‘எங்க போடுவீங்க’. அவள் யாரிடமும் எதையும் கொடுங்கள் என்று கேட்டதே இல்லை. கடைக்குள் போவாள், நலம் விசாரிப்பாள், மூலையில் கிடப்பதைப் பார்ப்பாள், அதை எங்கே போடுவீர்கள் என்று கேட்பாள். குப்பைக்குப் போகிற பொருளை வழிமறிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பது அவள் கட்சி.

நான் பல வருஷம் பல ஊர் சுற்றிவிட்டு, வேலையை விட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் திரும்பி வந்தபோது சித்தி வீட்டில்தான் தங்கினேன். கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைக்கப் போனால் அங்கே ஏற்கெனவே பாட்டில் மூடிகள் மூட்டையாக இருந்தன. “ஜாக்கிரதை, அதெல்லாம் ஒண்ணாம் நம்பர் மூடி,” என்றாள் சித்தி. சும்மா இருக்கிற கையைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. மறுநாளே என் கையில் ஒரு சாக்குப்பையைக் கொடுத்துச் சாயங்காலச் சுற்றுக்கு அழைத்துப் போனாள்.

அவளுடைய வகுப்பறையை அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். விமான நிலையக் குழாய்களில் ஒன்று சுருட்டிய படங்களைத் தாங்கிக்கொண்டு மூலையில் நின்றது. இன்னொன்றைத் தச்சர் வளையம் வளையமாக அறுத்துக் கொடுத்திருந்தார், அடியில் அட்டை ஒட்டி மேஜைக்கு ஒரு பென்சில் குவளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பலகை உண்டு. எல்லாம் தச்சுப் பட்டறையில் மிஞ்சிய வழவழப்பான சன்மைக்கா துண்டுகள், ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தது. அதை அழிக்க ஆளுக்கு ஒரு ஒற்றைச் சாக்ஸ், லாண்ட்ரிக்காரரிடம் ஜோடியைத் தொலைத்துவிட்டு யாரும் கேட்டு வராமல் கிடந்தவை. காய்ந்துபோன மார்க்கர் பேனாக்களைத் தண்ணீர் பாட்டிலில் ஊறப்போட்டால் வண்ணத் தண்ணீர் கிடைக்கும், அதுதான் பெயின்ட். கைக்கு அடங்காத குட்டிப் பென்சில்களுக்குத் தீர்ந்த பேனாவின் கூட்டை மாட்டி உயரம் கொடுத்திருந்தாள். சித்தப்பா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். புது ஃப்ரேமில் வருகிற பொய்க் கண்ணாடிகளைக் கழற்றி எறிவது அங்கே வழக்கம். அவை இப்போது பிள்ளைகள் வரைந்த மீன்களுக்குக் கண்ணாக இருந்தன. ஒவ்வொரு மீனும் என்னை முறைத்தது.

ஜன்னல் மேடையில் மூடியில்லாத ஒரு டப்பா இருந்தது. பென்சில், ரப்பர், ஷார்ப்னர் எல்லாம் அதில். கொண்டு வராதவர்கள் எடுத்துக்கொள்ளலாம், போகும்போது போட்டுவிடலாம். கேட்கத் தேவையில்லை, சித்தி அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டாள். காலையில் ஒரு பிள்ளை நைசாக நகர்ந்து போய் எடுக்கும்போது சித்திக்குக் கரும்பலகையில் அவசர வேலை வந்துவிடும். இவ்வளவு குப்பையும் எதற்கு என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. ‘என்கிட்ட இல்ல மிஸ்’ என்ற ஒரு வாக்கியத்தை அந்த அறையிலிருந்து துரத்தத்தான் தெருத்தெருவாக அலைகிறாள். நான் அதைப் பற்றி ஏதோ பெரிதாகச் சொல்லத் தொடங்கியதும், “மூடியை எண்ணி வை,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வாங்கியதற்குக் கைமாறு செய்வதும் அவள் வழக்கம். காசு கிடையாது. கணக்கு உண்டு.

பாடப் புத்தகத்தில் இருக்கும் ஆப்பிள் விற்கிறவரை எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அதனால் சித்தி வீட்டுக் கணக்கில் தெருக்காரர்களைப் போட்டாள். ‘தச்சரிடம் 23 பலகைகள் இருந்தன. இன்னும் 14 வந்தன. மொத்தம் எத்தனை?’ ‘லாண்ட்ரிக்காரர் காலையில் 31 சட்டைகளும் மாலையில் 16 சட்டைகளும் தேய்த்தார்.’ பொருள் கொடுத்தவர்கள் எல்லோரும் கூட்டல் கணக்கில் வருவார்கள், நாளுக்கு நாள் செழிப்பார்கள். பிள்ளைகள் வீட்டில் உரக்கப் படிப்பார்கள், பெற்றோர் கேட்பார்கள், அடுத்த நாள் தச்சரிடம், “என்ன, வேலை பலமா இருக்கு போல?” என்பார்கள். தச்சர் மீசையைத் தடவிக்கொள்வார். தையல்காரர் ஒரு நாள் சித்தியை வழிமறித்து, லாண்ட்ரிக்காரருக்கு மட்டும் அத்தனை சட்டை, எனக்கு வெறும் ஒன்பதா என்று சண்டைக்கு வந்தார். சித்தி அடுத்த வாரமே அவருக்கு இருபது சட்டை தைத்துக் கொடுத்தாள், கணக்கில்.

சுற்றி வரும்போது கண்ணில் பட்டதைத்தான் பெரும்பாலும் எழுதுவாள். லாண்ட்ரிக்காரர் இரண்டாவது இஸ்திரிப் பெட்டி வாங்கியது முதலில் கணக்கில்தான் வந்தது, அதற்குப் பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது. ஆக, இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதில் வந்தால் உண்மை.

கழித்தல் பாடம் வந்தபோதுதான் சிக்கல். யாராவது இழந்தாக வேண்டும். கொடுத்தவர்களிடமிருந்து கழிக்கச் சித்திக்கு மனசு வரவில்லை. எதுவும் கொடுக்காத கடைக்காரர் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தவரை எல்லோரும் ஸ்கேல் மாமா என்பார்கள். கல்லாவுக்கு அருகே ஒரு மர ஸ்கேல் இருக்கும். வாங்காமல் பொருளைத் தொடுகிற விரல்களுக்குப் பக்கத்தில் அது பட்டென்று இறங்கும், விரலில் படாது. அவரிடம் வெயிலில் வெளுத்த சார்ட் தாள், போன வருஷத்து டைரி, எழுதாத ஸ்கெட்ச் பேனா எல்லாம் குவிந்து கிடந்தன. சித்தி ஒரு தடவை போய், வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

“எங்கயும் போட மாட்டேன் டீச்சர். வித்துடுவேன்,” என்றாராம் அவர்.

நியாயமான பதில்தான். கடைக்கு எதிரேயே ஒரு டீச்சர் தெருவெல்லாம் இலவசமாகப் பொறுக்கி, அவரிடம் நூறு பேர் வாங்க வேண்டியதை யாரும் வாங்காமல் செய்துகொண்டிருந்தால் அவர் வேறு என்ன சொல்வார்? ஆனால் சித்திக்கு ரோஷம். கழித்தல் வந்ததும் கணக்கில் ஸ்கேல் மாமாவுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. ‘ஸ்கேல் மாமாவிடம் 48 பென்சில்கள் இருந்தன. 15 பென்சில்களைக் கரையான் அரித்துவிட்டது.’ ‘ஸ்கேல் மாமா 39 பேனாக்களை எடுத்துக்கொண்டு போனார். 17 பேனாக்கள் சாக்கடையில் விழுந்துவிட்டன.’ மழை பெய்தது, எலி வந்தது, கூரை ஒழுகியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரும் கழித்தலில் முழு மதிப்பெண்.

ஒரு மத்தியானம் ஸ்கேல் மாமா நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். சித்தியைக் கூப்பிட்டார்கள். சாக்குப்பையோடு வாசலில் நின்ற நானும் கூடவே போனேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுத்த பருவம் தொடங்கப் போகிறது, நோட்டும் பென்சிலும் அப்போதுதான் விற்கும், வருஷம் முழுவதும் கடை நிற்பது அந்தச் சில வாரங்களின் விற்பனையில்தான். சரக்கை எப்போதும் மொத்தக்கடைக்காரர் முன்கூட்டியே இறக்கிவிடுவார், விற்ற பிறகு பணம் கொடுத்தால் போதும். இந்தத் தடவை முதலில் பணத்தை வை என்றுவிட்டார். அவ்வளவு பணம் இவரிடம் ஏது? சரக்கு வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

“ஏன்னு கேட்டேன் டீச்சர். உங்க கடையிலதான் எல்லாம் கரையானுக்கும் சாக்கடைக்கும் போகுதாமே, என் சரக்கும் அங்க போகவான்னு கேக்குறார்.”

மொத்தக்கடைக்காரரின் மகள் சித்தியின் வகுப்பு. வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள், வகுப்பிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தினமும் சாப்பிடும்போது அப்பா, “இன்னிக்கு என்னம்மா கணக்கு?” என்று கேட்பாராம். பாப்பா சொல்வாளாம்.

சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. “அது சும்மா கணக்குக்காக...” என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு, “கழித்தலுக்கு ஒரு ஆள் வேணும்ல அண்ணே,” என்றாள், மிகச் சின்னக் குரலில்.

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

தலைமையாசிரியை இருபக்கமும் பார்த்தார். அவருடைய மேஜையிலேயே சித்தி கொடுத்த பென்சில் குவளை இருந்தது, அதை மெல்ல ஒரு ஃபைலுக்குப் பின்னால் நகர்த்தினார். இந்தக் காரியத்தைச் சரி செய்கிற வரைக்கும் சாயங்காலச் சுற்றும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம், கணக்கும் புத்தகத்தில் இருக்கிற ஆப்பிளோடு நிற்கட்டும் என்று முடித்துவிட்டார்.

அன்று வீட்டில் சித்தி சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா கேலி செய்யவில்லை, அதிலிருந்தே விஷயத்தின் கனம் தெரிந்தது. தன் வகுப்பு நின்றுவிடும் என்பதைவிட, அந்த மனுஷனின் கடை மூடப்படும் என்பதுதான் அவளை அரித்தது. “மிச்சம் பிடிக்கப் போய் ஒருத்தன் பிழைப்பையே கழிச்சுட்டேன்,” என்றாள்.

மொத்தக்கடைக்காரரிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். போனோம். அவர் எங்களை உட்கார வைத்து, டீ கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டீச்சருக்கு இரக்க மனசு. அவரைக் காப்பாத்தணும்னு பொய் சொல்றீங்க,” என்று சிரித்தார். கணக்கில் வந்தது உண்மை, டீச்சர் வந்து சொல்வது பொய். லாண்ட்ரிக்காரரின் இரண்டாவது இஸ்திரிப் பெட்டி இப்படி எங்கள் காலை வாரிவிட்டது.

கணக்கில் போனதைக் கணக்கில்தான் மீட்க வேண்டும் என்று சித்தி முடிவு செய்தாள். தலைமையாசிரியையிடம் கெஞ்சி, ஸ்கேல் மாமாவின் பெயரைப் போடுவதற்கு மட்டும் விலக்கு வாங்கினாள். இனிமேல் ஒரு பொய்யும் கிடையாது என்று நேராக அவர் கடைக்குப் போய், அலமாரியைத் தன் கையாலேயே எண்ணினாள். மர ஸ்கேல் ஒரு தடவை உயர்ந்து, பிறகு தானாகவே கீழே இறங்கியது. ‘ஸ்கேல் மாமா கடையில் மேல் தட்டில் 36 நோட்டுகள், கீழ்த் தட்டில் 28 நோட்டுகள் உள்ளன. எல்லாம் புத்தம் புதியவை. மொத்தம் எத்தனை?’

அடுத்த நாள் மாலை ஸ்கேல் மாமா பள்ளிக்கூடத்துக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“போச்சு டீச்சர். இருந்ததும் போச்சு. பாப்பாவோட அப்பா கடைக்கே வந்துட்டார். நின்னு எண்ணினார். அறுபத்துநாலு இருக்கு, ஆனா ஐம்பத்துநாலுதானே வரணும், பத்து நோட்டு எவன்கிட்ட வாங்கினீங்கன்னு கேக்குறார். நான் வேற இடத்துல சரக்கு எடுக்குறேனாம். திருட்டுத்தனமா!”

சித்தி பாப்பாவின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தாள். 36, 28, கீழே அழகான கையெழுத்தில் 54.

“பாப்பா, ஆறும் எட்டும் எவ்வளவு?”

“பதினாலு மிஸ்.”

“நாலு போட்டாச்சு. மீதி ஒண்ணு எங்க?”

பாப்பா யோசித்தாள். முன்பல் இரண்டும் விழுந்த இடத்தில் நாக்கை வைத்துத் துழாவினாள். “அது ஒண்ணுதானே மிஸ். விட்டுட்டேன்.”

ஸ்கேல் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அவளுடைய அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நான் தொடங்குவதற்குள் தடுத்துவிட்டார். “உங்க பொண்ணுக்குக் கணக்கு வரலன்னு சொல்லிட்டு, அப்படியே கடனுக்குச் சரக்கும் கேக்கவா? வியாபாரி ரத்தம், கணக்கு தப்பாதுன்னு ஊரெல்லாம் பெருமை பேசுறார் அந்த மனுஷன்.”

ஆக, ஒரு கடையின் கதி ஏழு வயசுப் பெண்ணின் மீதி ஒன்றில் தொங்கியது.

சித்தி மூடிகளைக் கொட்டிச் சொல்லிக் கொடுத்தாள். ஆறு மூடி, எட்டு மூடி, சேர்த்தால் பதினான்கு. பாப்பா அதை எல்லாம் சரியாகவே எண்ணினாள். பத்து மூடியைத் தனியாக ஒதுக்கி, இது ஒரு பத்து என்றால், “இல்ல மிஸ், பத்து மூடி,” என்றாள். ஒதுக்கிய குவியல் சரிந்தது, இரண்டு மூடிகள் பெஞ்சுக்கு அடியில் உருண்டோடின, ஒரு பெண் அவற்றைத் தேடிப் போனாள். மூன்று நாள் இதே கதை. இதற்குள் வகுப்பில் இன்னும் பல பேர் மீதி ஒன்றைத் தெருவில் விட்டுக்கொண்டிருந்தது தெரிய வந்தது.

கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேல் மாமாவுக்குத்தான் பொறுமை போனது.

“டீச்சர், தப்பா நினைக்காதீங்க. உங்க மூடி உருளுது. கட்ட முடியல. கட்ட முடியாததை எப்படி ஒண்ணுன்னு சொல்லுவா?”

சித்தி கையில் இருந்த மூடியைப் பார்த்தாள். ஒன்றாம் நம்பர் மூடி. அத்தனை வருஷம் பொறுக்கிய மூட்டையும் எண்ணத்தான் உதவியிருக்கிறது, பத்தாகக் கட்ட உதவவில்லை.

அடுத்த நாள் அவர் ஒரு பெட்டி பென்சில் கொண்டு வந்தார். விற்பனைக்கு வைத்திருந்த புதுப் பென்சில்கள். மேஜை மேல் வைப்பதற்கு முன்பே, “இதெல்லாம் திரும்பி வரணும். சீவக் கூடாது. கடிக்கக் கூடாது,” என்று வகுப்பைப் பார்த்து அறிவித்தார். பாப்பாவின் முன்னால் பென்சில்களை எண்ணிப் பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்டு போட்டார். ஏதோ கடையில் நிற்பதுபோலவே பேசினார்.

“இப்ப இது பென்சிலா, கட்டா?”

“கட்டு.”

“எத்தன கட்டு?”

“ஒண்ணு.”

“கட்டு எல்லாம் எந்தத் தட்டுல வைப்போம்?”

“பெரிய தட்டுல.”

“வைக்காம ரோட்டுல போட்டுட்டுப் போனா?”

பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வியாபாரி ரத்தம் எங்கோ சூடேறியிருக்க வேண்டும். “யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க,” என்றாள் பதறிப்போய். தன் பலகையை இழுத்து, ஒற்றைச் சாக்ஸால் பரபரவென்று அழித்து, மறுபடி எழுதினாள். இந்தத் தடவை பத்தாம் இடத்தின் தலையில் ஒரு குட்டி ஒன்று ஏறி உட்கார்ந்தது, அதைச் சுற்றி அவளே ஒரு ரப்பர் பேண்டு வரைந்திருந்தாள்.

சாயங்காலம் பென்சில்களைக் கடைக்குத் தூக்கிப் போனது நான்தான். ஸ்கேல் மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பல் தடம் இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி காலையில் எடுத்துப் போய், மாலையில் திருப்பிக் கொடுப்பது என் பொறுப்பானது. “உலகம் சுத்தின பொண்ணுக்குச் சரியான வேலை,” என்றார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் போன் நம்பரையும் கல்லாவில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் சித்தி மறுபடி அலமாரியை எண்ணினாள். சரக்கு குறைந்திருந்தது. ‘மேல் தட்டில் 27 நோட்டுகள், கீழ்த் தட்டில் 19 நோட்டுகள்.’ பாப்பா எழுதியதைச் சித்தி பார்க்கவே இல்லை, பார்த்துத் திருத்தினால் பிறகு அது யாருடைய கணக்கு என்று சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டாள். என்னையும் உட்கார வைத்தாள்.

அப்போதுதான் ஒரு அம்மா வந்து ஒரு நீள நோட்டு கேட்டார்.

ஸ்கேல் மாமா அலமாரியைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். “நாளைக்கு வாங்களேன்,” என்றார்.

“அதான் அங்க இருக்கே?”

“இருக்கு. ஆனா இன்னிக்கு விக்கறதில்ல.”

அந்த அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். வந்த வியாபாரத்தை அந்த மனுஷர் தன் வாயால் திருப்பி அனுப்பியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இருட்டுவதற்கு முன் மொத்தக்கடைக்காரர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு பென்சில் வாங்க வந்தேன் என்றார். அவரிடம் இல்லாத பென்சிலா. பாப்பா நேராக அலமாரிக்கு அடியில் போய் நின்று, விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். பத்து வந்ததும் ஒரு விரலை மடக்கினாள். மறுபடி பத்து, இன்னொரு விரல். ஸ்கேல் மாமாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. நாலு விரல் மடங்கியதும், ஒவ்வொன்றாக ஆறு.

“நாப்பத்தாறு. நான் சொன்னேன்ல?” என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தன் பங்குக்குக் கண்ணாலேயே ஒரு முறை எண்ணினார். “அப்ப அந்தப் பத்து நோட்டு?” என்றார்.

ஸ்கேல் மாமா மர ஸ்கேலை எடுத்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தார்.

“அது கட்டுப்பா,” என்றாள் பாப்பா. “அன்னிக்கு நான் ரோட்டுல போட்டுட்டேன்.”

அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மகளைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். எழுதியிருந்த விலையைவிடக் குறைக்கச் சொல்லாமல் அந்த ஒரு பென்சிலை வாங்கிக்கொண்டார். வாசலில் இறங்கும்போது, போகிற போக்கில் சொல்வதுபோல், “திங்கட்கிழமை வண்டி வரும். கரையானுக்கு மருந்து அடிச்சு வைங்க,” என்றார்.

“கரையானே இல்லைங்க!” என்று ஸ்கேல் மாமா கத்தினார். அதற்குள் அவர் தெருமுனை திரும்பிவிட்டார்.

வண்டி வந்தது. கடை நின்றது. தலைமையாசிரியை ஃபைலுக்குப் பின்னாலிருந்து பென்சில் குவளையை முன்னால் எடுத்து வைத்தார். சாயங்காலச் சுற்று மறுபடி தொடங்கிய நாளில் சித்தி எல்லாக் கடைக்கும் போனாள், எதிர்க் கடையை மட்டும் தலையைக் குனிந்து கடந்தாள். கேட்க அவளுக்கு முகமில்லை. ஸ்கேல் மாமா உள்ளேயிருந்து மர ஸ்கேலால் கல்லாவைத் தட்டிக் கூப்பிட்டார். எழுதாத ஸ்கெட்ச் பேனாக்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய. காய்ந்துபோனவை, ஆனால் மெலிதாக, நீளமாக, ரப்பர் பேண்டு போட்டால் ஜம்மென்று கட்டுப்படுபவை.

“புதுப் பென்சிலை இனிமே தர மாட்டேன்,” என்றார் முறைப்பாக. “இதை எங்க போடறதுன்னு தெரியல.”

சித்தி கண்ணைத் துடைத்தாள். இந்தத் தடவை அக்குளில் குழாய் இல்லை.

மூடி மூட்டை என் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியேறியது. அதன் இடத்தில் ஸ்கெட்ச் பேனா வந்தது. சித்தப்பா என்னைப் பார்த்து, “நீயும் எழுதாம சும்மாவே கிடந்தா உனக்கும் ஒரு ரப்பர் பேண்டு போட்டுடுவா,” என்று எச்சரித்தார். நான் மறுபடி கிளம்பினேன். பேருந்து நிலையத்துக்குச் சித்தி வந்தாள், கிழித்த டிக்கெட்டுகளை எங்கே போடுவார்கள் என்று கண்டக்டரிடம் விசாரித்தாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, பேச்சு புரியாத ஓர் ஊரில், துணி துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கடையில் என் ஒற்றைச் சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. சித்தியின் கையெழுத்து.

‘ஸ்கேல் மாமாவிடம் 53 ஸ்கெட்ச் பேனாக்கள் இருந்தன. 28 பேனாக்களை இரண்டாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். மீதி எத்தனை?’

கீழே ஸ்கேல் மாமாவே தட்டுத் தடுமாறித் தட்டியிருந்தார்: “பாத்தியாம்மா. இன்னமும் என்னைத்தான் கழிக்கிறாங்க. அது போகட்டும். 28 இல்ல, 30 குடுத்தேன். சாயங்காலம் ரெண்டு தனியா குடுத்து விட்டேன். உங்க சித்திகிட்ட சொல்லி மாத்தச் சொல்லு. நாலு பேர் படிக்கிறாங்க.”